அட்டனில் இருந்தே களப்பைப் பற்றி எழுதலாம்

வணக்கம் அக்கா. கடற்கரைக்குப் போக வழியில்லாமல் மகள், களப்போரம் உப்புநீரில் வளரும் கண்டல் காடு பற்றிய செயற்றிட்டத்தை எப்படி எழுதுவாள் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. இன்றைய களப்புகள் அப்போது வெறும் தரை. பனி உருகிக் கடல் ஏறியதும் ஆற்றுப் பள்ளங்களில் உப்புநீர் புகுந்தது. அலை சேர்த்த மணல் திட்டு அந்தப் பள்ளங்களின் வாயை மறித்தது, கண்டலும் கரையோடு சேர்ந்து உள்ளே நகர்ந்தது. களப்புச் சேற்றைத் துளைத்தால் கண்டலின் மகரந்தம் அடுக்கடுக்காகக் கிடைக்கும். கீழே போகப் போகப் பழையது. இதே முறையில் நம் ஹோட்டன் சமவெளிச் சதுப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள், மகளை அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், நம் மலையில் மழைக்குக் கரையும் மண்ணில் ஒரு பகுதி மகாவலியோடு திருகோணமலைக் கொட்டியாரக் குடா வரை போகிறது. அங்கே கண்டல் வேரூன்றுவது ஆறு கொண்டுவந்த வண்டலில்.