பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அட்வான்ஸ் போடலாமா?

கேள்வி: ஆன்லைன்ல பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் 18,000 ரூபாய்னு பார்த்தேன் சார். விக்கிறவர் மிலிட்டரியாம், டிரான்ஸ்ஃபராம், பாதி பணம் போட்டா பார்சல் அனுப்புறேங்கிறார். நம்பலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தயவுசெஞ்சு ஒத்த ரூபா அனுப்பாதீங்க. மிலிட்டரி, டிரான்ஸ்ஃபர், ஐடி கார்டு போட்டோ, இது நாடு பூரா நடக்குற ஏமாத்து வேலை. அப்புறம் ‘பணத்தை திருப்பி அனுப்புறேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க’ம்பாங்க, பின் நம்பரை மட்டும் அடிச்சிடாதீங்க, யூபிஐல பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா இப்பவே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.

மலையிறங்கி வந்து சேலத்துலயே நேர்ல பார்த்து வாங்குங்க. அதே மாடல் என்ன விலைக்கு போகுதுன்னு நாலு விளம்பரம் பார்த்துட்டு போங்க, ‘விண்டேஜ்’னு ஒரு வார்த்தைய போட்டே விலைய ஏத்திடுறாங்க. நல்லா பழகின பாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டு கேளுங்க, வால்யூமை திருப்பும்போது கரகரன்னா பெரும்பாலும் தூசிதான், சின்ன செலவுல சரியாகிடும், ஆனா ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்தா யோசிங்க. முக்கியமா ஸ்பீக்கர் முன்னாடி துணியை கழட்டச் சொல்லி, கோனை, அதாவது சத்தம் வர்ற கூம்பைச் சுத்தி இருக்குற ஃபோம் ஓரத்தை விரலால லேசா தொட்டுப் பாருங்க. நான் ஒருதடவ அப்படி தொட்டப்போ மக்கின இலை மாதிரி பொடிப்பொடியா கையோட வந்துச்சு, வெளிய பார்த்தா பெட்டி புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சுங்க.