ஊர்த்தலைவரின் கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்தின் மூலிகை அறிவை ஆவணப்படுத்தப் பல்கலைக்கழகம் ஒன்று முன்வந்துள்ளது. ஒப்புதல் படிவத்தில் ஊர்த்தலைவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். யார் சார்பில் அவர் கையெழுத்திடுகிறார் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

1987இல் அகத்தியமலைப் பகுதிக் காடுகளில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிகள் என்ற பழங்குடியினர், சிறு பழங்களைத் தின்றபடி களைப்பின்றி நடந்ததிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைச் செடி வெளியுலகுக்குத் தெரிந்தது. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உற்பத்தி உரிமம் வழங்கியது; அந்தத் தொகையிலும், விற்பனையில் கிடைக்கும் 2 விழுக்காட்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலகமே பாராட்டிய ஏற்பாடு இது. ஆயினும் காணிகளின் அறக்கட்டளை 1997இல்தான், அதாவது உரிமம் கைமாறிய பிறகுதான், பதிவானது. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று வேறு குடியிருப்புகளின் காணிகள் குறைபட்டனர். இலை சேகரிப்பை வனத்துறை ஆட்சேபித்ததால் மூலப்பொருளுக்கும் தட்டுப்பாடு வந்தது. ஆகவே உங்கள் அறிவைப் பகிரும் பக்கத்து ஊர்களையும் வனத்துறையையும் தொடக்கத்திலேயே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சேகரிப்பது எதற்காக என்ற வரையறை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று ஹவாசுப்பாய் பழங்குடியினரிடம் எடுத்த இரத்த மாதிரிகள், மனச்சிதைவு, இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது பின்னர் தெரியவந்து வழக்காயிற்று. 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் பல்கலைக்கழகம் திருப்பித் தந்தது. உங்கள் படிவத்தில் 'கல்வி நோக்கங்களுக்காக' என்று மொத்தமாக எழுதியிருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) அடித்துவிட்டு, குறிப்பிட்ட நோக்கத்தை எழுதச் சொல்லுங்கள். புதிய பயன்பாடு எதுவானாலும் மீண்டும் ஊர்க்கூட்டத்தின் இசைவைப் பெற வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பல்லுயிர்ச் சட்டம், 2002இன்படி உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஒப்பந்த வரைவை அதன் பார்வைக்கு வையுங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அளித்த அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். வைத்தியம் சொல்பவர்களின் பெயர் கட்டுரையில் வருமா, அவர்கள் இழக்கும் நாட்கூலியை யார் தருவது, அச்சுக்குப் போகுமுன் தமிழில் வாசித்துக் காட்டுவார்களா என்பனவும் எழுத்தில் இருக்கட்டும்.

திட்டக் காலம் முடிகிறது என்று அவசரப்படுத்தினால், குடும்பக் கணக்கெடுப்பை வேண்டுமானால் இப்போதே நடத்தட்டும். செடியின் பெயரையும் பயனையும் ஒருசேரச் சொல்லும் நேர்காணல் மட்டும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு.