தாக்குதலா, கூட்டமா? ஃப்ளோ தரவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் எஸ்என்எம்பி (ரவுட்டரிலிருந்து மொத்த டிராஃபிக் எண்ணை வாங்கும் முறை) கிராஃப் ஓடுகிறது. லிங்க் நிரம்பினால் அதிலேயே தெரிந்துவிடுகிறது. ரவுட்டர் ஃப்ளோ பதிவுகளை அனுப்பும் நெட்ஃப்ளோ வேறு எதற்கு?

பதில்: நிரம்பியது தெரியும். யாரால், எந்த சர்வரை நோக்கி, எந்த வகையில் என்பது தெரியாது. சர்வரையோ லிங்கையோ பாக்கெட் வெள்ளத்தால் முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல் நேரத்தில் முதலில் வேண்டியது அந்த விவரம்தான். அனுப்பும் ஐபி, பெறும் ஐபி, இரு பக்க போர்ட், புரோட்டோகால், உள்ளே வந்த இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒன்றாக இருக்கும் பாக்கெட்டுகளை ரவுட்டர் ஒரு ஃப்ளோவாகச் சேர்க்கிறது. எத்தனை பாக்கெட், எத்தனை பைட், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, டிசிபி ஃபிளாக் (இணைப்பின் நிலையைக் காட்டும் குறிகள்) என்னென்ன என்று ஒரு பதிவாக்கி, பதிவுகளைச் சேகரிக்கும் மெஷினான கலெக்டருக்கு அனுப்புகிறது. பாக்கெட்டுக்குள் இருந்த சமாசாரம் அதில் வராது. அதனால்தான் பெரிய லிங்கைக்கூட ஒரு சாதாரண லினக்ஸ் மெஷினில் கண்காணிக்க முடிகிறது. அதற்கான மென்பொருள்களான என்எஃப்டம்ப், பிஎம்அக்ட் இரண்டும் இலவசம். நெட்ஃப்ளோ 5-இல் ஐபிவி6 கிடையாது. ரவுட்டரில் நெட்ஃப்ளோ 9 அல்லது அதிலிருந்து வந்த பொதுத் தரமான ஐபிஃபிக்ஸ் இருந்தால் அதையே வையுங்கள்.

கேள்வி: எல்லாம் அமைத்தும், தாக்குதல் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் அலாரம் அடித்தது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் ரவுட்டரில் ஆக்டிவ் டைம்அவுட் எவ்வளவு என்று பாருங்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் அது வழக்கமாக 30 நிமிடம் என்று இருக்கும். தொடர்ந்து ஓடும் ஒரு ஃப்ளோவின் கணக்கை அதுவரை ரவுட்டர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரே டிஎன்எஸ் சர்வரிலிருந்து உங்கள் ஐபியின் ஒரே போர்ட்டுக்கு விடாமல் பாக்கெட் வந்துகொண்டிருந்தால் அது ஒரே ஃப்ளோ; அரை மணி நேரம் உங்கள் கண்ணுக்கே வராது. அப்புறம் மொத்த பைட்டும் ஒரே பதிவில் வந்து விழும். கலெக்டர் அதைக் கடைசி நிமிடத்தின் கணக்காக எடுத்துக்கொண்டு, இல்லாத உயரத்துக்கு ஒரு கோடு போடும். ஆக்டிவ் டைம்அவுட்டை 60 விநாடிக்குக் குறையுங்கள். பாக்கெட் வருவது நின்றபின் ஃப்ளோவை முடிக்கும் இன்ஆக்டிவ் டைம்அவுட் வழக்கமாக 15 விநாடியாக இருக்கும்; அது அப்படியே இருக்கட்டும். என்எஃப்டம்ப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அது சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒரு கோப்புதான் எழுதும். அதையும் 1 நிமிடமாக்கலாம்.

கேள்வி: எங்கள் ரவுட்டர் ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டைத்தான் எடுக்கிறது. தாக்குதல் தப்பிவிடாதா?

பதில்: வெள்ளமாக வரும் தாக்குதல் தப்பாது. 1 ஜிகாபிட் ஈதர்நெட் லிங்கை மிகச் சிறிய பாக்கெட்டுகளால் நிரப்பினால் விநாடிக்கு 14.88 லட்சம் பாக்கெட் வரும். ஆயிரத்தில் ஒன்று என்றாலும் விநாடிக்கு 1,488 மாதிரிகள் கிடைக்கும். அலாரத்துக்கு அது தாராளம். நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. இப்படி மாதிரி எடுக்கும் சாம்பிளிங்கின் விகிதம் கலெக்டருக்குத் தெரியாவிட்டால் எல்லா எண்ணும் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தெரியும். அலாரம் அடிக்கவே அடிக்காது. ஃப்ளோ மொத்தத்தை எஸ்என்எம்பி எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். அப்புறம், சாம்பிளிங் இருக்கும்போது ஒழுங்கான இணைப்பும் ஒரே பாக்கெட் ஃப்ளோவாகத்தான் பதிவாகும். "ஒரு பாக்கெட் ஃப்ளோ அதிகமானால் தாக்குதல்" என்ற விதியை அங்கே போடாதீர்கள்.

கேள்வி: தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எங்கள் சர்வருக்கு நிஜமாகவே பெரும் கூட்டம் வரும். கூட்டத்தையும் தாக்குதலையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இந்தத் துறையில் உண்மையிலேயே கடினமான கேள்வி இதுதான். தவறாக முடிவெடுத்தால் காத்திருக்கும் மாணவர்களையே வெளியே தள்ளிவிடுவோம்.

சாம்பிளிங் இல்லாத பதிவுகளை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். நிஜமான ஒருவர் 443 போர்ட்டுக்கு வந்து பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால், பத்துப் பதினைந்து பாக்கெட், சில ஆயிரம் பைட் என்று ஒரு பதிவு இருக்கும். வந்த ஃபிளாக்குகளின் மதிப்பைக் கூட்டிய ஃபிளாக் எண் 27 என்று நிற்கும். சின், அக், புஷ், ஃபின் நான்கும் வந்துவிட்டன, அதாவது இணைப்பு தொடங்கி, பேசி, முடிந்தது என்று பொருள். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகளை மட்டும் வெள்ளமாக அனுப்பும் சின் ஃப்ளட் என்றால் பதிவுகள் இப்படி இருக்கும்: 1 பாக்கெட், 40 பைட், ஃபிளாக் எண் 2, 1 பாக்கெட், 40 பைட், ஃபிளாக் எண் 2. பக்கம் பக்கமாக இதுவே ஓடும், அனுப்பும் ஐபி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண கணினியோ ஃபோனோ அனுப்பும் சின் பாக்கெட்டில் டிசிபி ஆப்ஷன்கள் இருப்பதால் அது பெரும்பாலும் 52 அல்லது 60 பைட் இருக்கும். வெறும் 40 பைட் குவிவதே சந்தேகத்துக்குரியது. பொது இணையத்திலிருந்து, உள் வலையமைப்புகளுக்கு மட்டுமே உரிய, 10-இல் தொடங்கும் தனியார் ஐபி அனுப்புநராக வந்தால், அது போலி முகவரிதான்.

அடுத்து, வெளியே போகும் டிராஃபிக்கைப் பாருங்கள். என் கணிப்பில் இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. மாணவர்கள் வந்தால் உள்ளே வரும் சிறிய கோரிக்கைகளுக்கு ஏற்ப வெளியே பெரிய பக்கங்கள் போகும். தாக்குதலில் உள்ளே ஏறும், வெளியே அதற்கேற்ப ஏறாது. 2018 பிப்ரவரி 28 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் மீது மெம்கேஷ்டு (தரவைத் தற்காலிகமாக நினைவில் வைக்கும் மென்பொருள்) சர்வர்கள் வழியாக விநாடிக்கு 1.35 டெராபிட் வந்தபோது, அவர்களுடைய கண்காணிப்பு முதலில் பிடித்தது உள்வரத்துக்கும் வெளிப்போக்குக்கும் இடையிலான விகிதம் கெட்டதைத்தான். அடுத்த சில நிமிடங்களில் டிராஃபிக்கை அகமாய் நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கூட்டம் தாங்காமல் சர்வர் திணறத் தொடங்கிவிட்டால், நிஜ மாணவர்களின் ஃபோன்களும் பதில் வராமல் சின் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், வெளிப்போக்கும் விழும். அப்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆகவே, சர்வர் விழுவதற்கு முந்தைய சில நிமிடங்களின் பதிவுகளை வைத்து முடிவெடுங்கள்.

யுடிபி (டிசிபி போல முதலில் இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) வெள்ளத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அனுப்பும் போர்ட் 53, 123, 389, 11211 (டிஎன்எஸ், மெம்கேஷ்டு போன்ற சேவைகளின் போர்ட்டுகள்) என்று இருந்து, நீங்கள் கேட்காத பதில்கள் பெரிய பாக்கெட்டுகளாக வந்தால், கூடவே போர்ட் 0 என்று துண்டு பாக்கெட்டுகளும் இருந்தால், அது தாக்குதலேதான்.

கேள்வி: அலாரத்துக்கு எந்த எண்ணை வைக்கலாம்?

பதில்: என்னிடம் கேட்டால் கிடைக்கும் எண் உங்களுக்குப் பொருந்தாது. நான்கு வாரம் உங்கள் டிராஃபிக்கைச் சேமித்து, ஒவ்வொரு சர்வருக்கும் மணிவாரியாக வழக்கமான உச்சம் எவ்வளவு என்று எடுங்கள். விநாடிக்கு எத்தனை பிட், எத்தனை பாக்கெட் என இரண்டுக்கும் தனித்தனி எல்லை வையுங்கள். சின் ஃப்ளட் பிட் கணக்கில் சிறியதாகவும் பாக்கெட் கணக்கில் பெரியதாகவும் இருக்கும். 256 ஐபி கொண்ட தொகுதி முழுவதற்கும் சேர்த்து ஓர் எல்லையும் வேண்டும். தாக்குபவர்கள் இப்போதெல்லாம் எல்லா ஐபிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். தனி ஐபி எல்லை எதையும் அது தொடாது.

கேள்வி: சிறிய இணைய சேவை நடத்துகிறோம். தாக்குதல் என்று தெரிந்துவிட்டது, சரி. அடுத்து?

பதில்: லிங்கே நிரம்பிய பிறகு உங்கள் ஃபயர்வாலில் தடுத்துப் பயனில்லை, உங்களுக்கு இணையம் தரும், மேலே இருக்கும் சேவையாளர்தான் தடுக்க வேண்டும். பிஜிபி (வலையமைப்புகள் தங்களுக்குள் வழி அறிவிக்கும் முறை) வைத்திருந்தால் பாதிக்கப்பட்ட ஒரே ஐபியை 65535:666 என்ற கம்யூனிட்டியோடு, அதாவது அடையாளக் குறியோடு, அறிவித்து, அதற்கு வரும் டிராஃபிக்கை மேலேயே கொட்டிவிடச் சொல்லலாம். அந்த வாடிக்கையாளர் இணைப்பு இழப்பார், மற்றவர்கள் பிழைப்பார்கள். பிஜிபி வழியாகவே வடிகட்டும் விதிகளை அனுப்பும் ஃப்ளோஸ்பெக் தருகிறார்கள் என்றால் இன்னும் நல்லது, 11211 போர்ட்டிலிருந்து வருவதை மட்டும் வெட்டலாம். இதெல்லாம் உண்டா, இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். ஃப்ளோ பதிவுகள் யுடிபியில் போவதால், அடிபடும் லிங்க் வழியாகவே கலெக்டருக்கு அனுப்பாதீர்கள். வேண்டிய நேரத்தில் அவை தொலைந்துபோகும்.

கேள்வி: தாக்குதல் எங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்தே வெளியே போகிறதா என்று தெரியுமா?

பதில்: தெரியும், அவசியம் பாருங்கள். 2016 அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை முடக்கியதில் பெரும்பங்கு மிராய் என்ற தீநிரல் புகுந்த கேமரா, டிவிஆர் போன்ற வீட்டுச் சாதனங்களுடையது. ஒரே வாடிக்கையாளர் ஐபி, வெளியே ஆயிரக்கணக்கான முகவரிகளின் 23, 2323 போர்ட்டுகளை (மிராய் புதுச் சாதனங்களைத் தேடும் போர்ட்டுகள்) தட்டினால், அந்த வீட்டு டிவிஆரைப் போய்ப் பாருங்கள். உங்களுடையதல்லாத ஐபி அனுப்புநராக வெளியே போனால், வாடிக்கையாளர் பக்க இன்டர்ஃபேஸில் யுஆர்பிஎஃப் (போலி அனுப்புநர் முகவரியைத் தடுக்கும் சோதனை) போடுங்கள்.

கேள்வி: கோரிக்கையை முடிக்காமல் இணைப்புகளைப் பிடித்துவைக்கும் ஸ்லோலோரிஸ் போன்ற மெதுவான தாக்குதலும் ஃப்ளோவில் சிக்குமா?

பதில்: பெரும்பாலும் சிக்காது. வெப் சர்வர் லாகைப் பாருங்கள்.

கேள்வி: பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது?

பதில்: இந்தியாவில் என்றால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவைப் படியுங்கள். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சேவை மறுப்புத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஃப்ளோ பதிவுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்து வைப்பதே நல்லது. ரவுட்டரும் கலெக்டரும் ஒரே என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) நேரத்தில் ஓடட்டும். நேரம் பொருந்தாத பதிவை சேவையாளரிடம் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதும் இதில் தெரிவதால், கலெக்டரின் பாஸ்வேர்டு ஓரிருவரிடம் மட்டும் இருக்கட்டும்.