மார்சியானோவின் 49-0, ஜோ லூயிஸின் 66-3: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாக இருந்த ராக்கி மார்சியானோ ஆடிய 49 போட்டிகளிலும் வென்றார். அதே பட்டத்தை அவருக்கு முன் வைத்திருந்த ஜோ லூயிஸ் 66 வெற்றி கண்டாலும் மூன்று முறை தோற்றவர், அதில் ஒன்று மார்சியானோவிடமே. அப்படியிருந்தும் பலர் லூயிஸை மேலே வைப்பது ஏன்? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: அந்த மூன்று தோல்விகளையும் தேதி போட்டுப் பிரித்துப் பாருங்கள். முதலாவது 1936 ஜூன் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம், 12ஆவது சுற்றில் நாக் அவுட். அப்போது லூயிஸுக்கு 22 வயது. இடது கையை நேராக நீட்டி அடிக்கும் ‘ஜேப்’ குத்தைப் போட்டுவிட்டுத் திரும்ப இழுக்கும்போது கையைத் தாழ்த்திவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. லூயிஸின் பழைய சண்டைப் படங்களைப் பார்த்து அதைப் பிடித்துவிட்டார் ஷ்மெலிங். கை தாழும் ஒவ்வொரு தடவையும் அதற்கு மேலாக வலது குத்தை இறக்கினார். இது நியாயமான தோல்வி. இதற்குச் சாக்கு சொல்லக் கூடாது. லூயிஸும் அடுத்த சந்திப்பில், 1938 ஜூன் 22 அன்று, அதே ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 விநாடியில் முடித்தார்.

மற்ற இரண்டு தோல்விகளும் வேறு கணக்கு. 1949 மார்ச் 1 அன்று லூயிஸ் ஓய்வு பெற்றபோது அவர் பதிவு 58-1. வரிக்கடன் கழுத்தை நெரித்ததால் மறுபடி வளையத்துக்குள் வந்தார். 1942இல் இரண்டு பட்டப் போட்டிகளில் கிடைத்த தொகையைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தொகையையும் அவருடைய வருமானமாகவே வைத்து வரி கேட்டார்கள். அந்த இரண்டாவது வருகையில் 10 போட்டிகள்: 8 வெற்றி, 1950இல் எஸார்ட் சார்லஸிடம் 15 சுற்றுப் புள்ளித் தோல்வி, 1951இல் மார்சியானோவிடம் நாக் அவுட். அப்போது அவருக்கு வயது 36, 37. மார்சியானோ 32 வயதில் விலகினார், திரும்பவே இல்லை. ஒருவர் பதிவில் முதுமை இருக்கிறது, மற்றவர் பதிவில் இல்லை.

கேள்வி: லூயிஸின் நாக் அவுட் விகிதம் ஓரிடத்தில் 75 என்றும் இன்னோரிடத்தில் 79 என்றும் இருக்கிறது. எது சரி? (திண்டுக்கல் வாசகி)

பதில்: இரண்டுமே சரி, வகுக்கும் எண்தான் வேறு. 52 நாக் அவுட்டை மொத்தப் போட்டிகளான 69ஆல் வகுத்தால் 75.4 சதவீதம், வெற்றிகளான 66ஆல் வகுத்தால் 78.8. மார்சியானோவுக்கு இந்தக் குழப்பமே வராது. எப்படி வகுத்தாலும் 49இல் 43, அதாவது 87.8. ஒருவருக்கு ஒரு முறையும் மற்றவருக்கு இன்னொரு முறையும் போட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்கு கெட்டுப்போகும்.

இன்னும் ஒன்று: ‘நாக் அவுட்’ பத்தியில் நடுவர் இடையில் நிறுத்திய டெக்னிகல் நாக் அவுட்டும் சேர்ந்தே இருக்கும். எதிராளி பத்து எண்ணும் வரை எழாமல் கிடந்தவை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். போர்க்காலத்தில் லூயிஸ் படைவீரர்களுக்காக ஆடிய காட்சிப் போட்டிகள் இந்த 69இல் சேராது.

கேள்வி: லூயிஸ் 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தார் என்பது உண்மைதான். ஆனால் பாதிப் பேர் சோப்ளாங்கிகள் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை ஏறக்குறைய மாதம் ஒருவராக அவர் எதிராளிகளைச் சந்தித்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அன்றே கேலி செய்தன, அவர்களில் சிலர் உண்மையிலேயே சுமார்தான். ஆனால் அதே தொடரின் கடைசியில் வந்தவர் பில்லி கான். ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப் பிரிவான லைட் ஹெவிவெயிட் பட்டத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ 25 பவுண்டு எடை குறைவாக ஏறி வந்து, 12 சுற்று முடிவில் நடுவர்களின் மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் முன்னிலையில் இருந்தார். மூன்றாவது அட்டை சமம். மீதி மூன்று சுற்றும் நகர்ந்து தப்பித்திருந்தால் பட்டம் அவருடையது. 13ஆவது சுற்றில் நின்று அடித்துக்கொள்ள இறங்கினார். சுற்று முடிய 2 விநாடி இருக்கையில் லூயிஸ் அவரைச் சாய்த்தார். புள்ளியில் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் ஒரே திறப்பில் ஆட்டத்தை முடிக்கும் அந்தத் திறமைக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

பட்டத்தைத் தக்கவைத்த 25 போட்டிகளில் 15 சுற்று முழுவதும் தாக்குப்பிடித்தவர்கள் மூன்றே பேர்: டாமி ஃபார், முதல் சந்திப்பில் அர்துரோ கோடோய், முதல் சந்திப்பில் ஜெர்சி ஜோ வால்காட்.

‘11 ஆண்டு 8 மாதம் சாம்பியன்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய ராணுவ சேவையால் 1942 மார்ச்சுக்குப் பிறகு 1946 ஜூன் வரை பட்டம் உறைந்து கிடந்தது. ஆனால் இதுவே இன்னொரு பக்கம் அவருக்குச் சாதகம். அந்த 25 போட்டிகளில் 21 இந்த இடைவெளிக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்கும் குறைவான காலத்தில் முடிந்தவை. ஆண்டுக்கு நான்குக்கு மேல்! மார்சியானோ 3 ஆண்டு 7 மாதத்தில் தக்கவைத்தது 6 முறை.

கேள்வி: இருவரும் மோதிய எதிராளிகளை வைத்து ஒப்பிட முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முடியும், ஆனால் வயதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமானவர் வால்காட். 1947 டிசம்பரில் 33 வயது வால்காட் லூயிஸை இரண்டு முறை தரையில் வீழ்த்தினார். லூயிஸ் பிளவுபட்ட தீர்ப்பில்தான் (மூவரில் ஒருவர் எதிராளிக்குத் தந்த தீர்ப்பு) தப்பினார், பார்த்த பலருக்கு அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. 1948 ஜூனில் 11ஆவது சுற்றில் நாக் அவுட் செய்தார். மார்சியானோ 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் வால்காட்டைச் சந்தித்தபோது முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். 12 சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் பின்தங்கி, 13ஆவது சுற்றில் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு மறுபோட்டியில் முதல் சுற்றிலேயே முடித்தார். ஆக மார்சியானோவின் முடிவு சுத்தமானது. ஆனால் அவர் சந்தித்த வால்காட்டுக்கு 38, 39 வயது.

சார்லஸ் விஷயத்தில் இது தலைகீழ். 29 வயது சார்லஸிடம் 36 வயது லூயிஸ் தோற்றார். 1954இல் அந்த சார்லஸை மார்சியானோ இரண்டு முறை வென்றார்: ஜூனில் 15 சுற்றுப் புள்ளி வெற்றி, செப்டம்பரில் மூக்குத் துவாரம் கிழிந்த நிலையில் 8ஆவது சுற்றில் நாக் அவுட். காயத்தைக் காட்டிப் போட்டியை நிறுத்திவிடும் ஆபத்து இருந்ததால் அடுத்தடுத்துப் பாய்ந்து முடித்தார். லீ சாவோல்டை இருவரும் ஆறு சுற்றில், ஃபிரெடி பெஷோரை இருவரும் நான்கு சுற்றில் முடித்தார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: நேரடி மோதலில் மார்சியானோ வென்றாரே, அதற்கு மேல் என்ன பேச்சு? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: 1951 அக்டோபர் 26, மேடிசன் ஸ்கொயர் கார்டன், 10 சுற்றுப் போட்டி. மார்சியானோவுக்கு 28 வயது. லூயிஸ் நீண்ட கையால் ஜேப் போட்டு முதலில் சமாளித்தார். ஆனால் வலது கையில் பழைய வேகம் இல்லை. 8ஆவது சுற்றில் இடது ஹூக் (வளைத்து அடிக்கும் குத்து) ஒன்றில் விழுந்து எழுந்தார். அடுத்த தாக்குதலில் கயிறுகளுக்கு வெளியே சரிந்தார். அந்த இரவு காட்டுவது 1951இல் யார் வலியவர் என்பதை. 1938 லூயிஸைப் பற்றி அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது.

இதற்காக மார்சியானோவைக் குறைக்கவும் கூடாது. உயரம் 5 அடி பத்தரை அங்குலம், எடை 185 பவுண்டு அளவில், கை நீளத்தில் ஏறக்குறைய எல்லாரிடமும் தோற்பவர். பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் அந்தக் குறையை மறைக்க முயலாமல், குனிந்து உள்ளே புகுந்து அடிக்கும் பாணியாகவே அதை மாற்றினார். தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் இரண்டே முறை விழுந்தார்: 1952இல் வால்காட்டிடம், 1955இல் ஆர்ச்சி மூரிடம். இரண்டு இரவும் எழுந்து நாக் அவுட் வெற்றி. 49இல் மிகவும் ஆபத்தானது எதுவென்றால் 1950இல் ரோலண்ட் லாஸ்டார்ஸாவுடன் நடந்ததைத்தான் சொல்வேன். அது பிளவுபட்ட தீர்ப்பு. இம்மி பிசகியிருந்தால் இன்று நாம் 49-0 என்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கேள்வி: இரண்டு வீரர்களின் பதிவை நானே ஒப்பிட எங்கிருந்து தொடங்க வேண்டும்? (கும்பகோணம் கல்லூரி மாணவர்)

பதில்: மொத்த எண்ணை மூடி வைத்துவிட்டுப் பட்டப் போட்டிகளை மட்டும் முதலில் எடுங்கள். லூயிஸ் 27இல் 26 வெற்றி, மார்சியானோ 7இல் 7. பிறகு ஒவ்வொரு எதிராளிக்கும் எதிரே அந்தத் தேதியில் அவருடைய வயது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று போட்டிகளின் முடிவு, எடை வித்தியாசம் இவற்றை எழுதுங்கள். தொடக்கப் போட்டிகளைத் தனியாக ஒதுக்குங்கள். மார்சியானோவின் முதல் 16 வெற்றிகளும் நாக் அவுட், ஆனால் அவை ஒரு புதியவரை வளர்ப்பதற்காக அமைத்த போட்டிகள். கடைசியாக, உலக ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர்களில் யார் யாரை வென்றார் என்று பாருங்கள். லூயிஸ் பக்கம் கார்னேரா, மாக்ஸ் பேர், ஷார்க்கி, பிராடக், ஷ்மெலிங், பின்னால் சாம்பியனான வால்காட். மார்சியானோ பக்கம் லூயிஸ், வால்காட், சார்லஸ். என் தராசு லூயிஸ் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒரே இரவில் யாரிடம் எழுந்து நிற்கும் துணிவு அதிகம் என்று கேட்டால் மார்சியானோ என்பேன்.

கேள்வி: 49-0ஐ யாராவது தாண்டினார்களா? (சேலம் வாசகி)

பதில்: பெயர்பெற்ற ஹெவிவெயிட் சாம்பியன்களில் மிக அருகில் வந்தவர் லாரி ஹோம்ஸ். 48-0 என்ற நிலையில், 1985 செப்டம்பர் 21 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளியில் தோற்றார். மார்சியானோ ஆர்ச்சி மூரை வென்று 49ஐ எட்டிய நாளிலிருந்து அன்றோடு சரியாக 30 ஆண்டு. எடை குறைந்த பிரிவுகளில் ஆடிய ஃபிளாய்ட் மேவெதர் 2017இல் 50-0 ஆனார். அந்த ஐம்பதாவது எதிராளி, கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கோனர் மக்ரெகருக்கு அதுதான் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை.