பட்டாவுக்கு ஒரு கையெழுத்தா, பாகத்துக்கே கையெழுத்தா?

கேள்வி: எனக்கு 1986-ல் கல்யாணம், 30 பவுன் போட்டார்கள். அப்பா 2001-ல் உயில் எழுதாமல் காலமானார். அவர் சம்பாதித்து வாங்கிய வீடு ஒன்று, தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயல். அம்மா, அண்ணன், நான் மூவர்தான் வாரிசு. "உனக்குத்தான் செய்ய வேண்டியதைச் செய்தாச்சே, பட்டா மாற்ற ஒரு கையெழுத்துப் போடு" என்று அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?
- வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: போங்கள், ஆனால் பத்திரத்தின் தலைப்பைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழோடு தாலுகா ஆபீசுக்குத்தான் போக வேண்டும், சார்பதிவாளரிடம் என்ன வேலை? அநேகமாக அது உங்கள் பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுப் பதிவாகிவிட்டால் உங்கள் பாகம் போனதுதான், பிறகு ஏமாற்றிவிட்டார் என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

வீட்டில் குழப்பமே இல்லை, மூவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. வயலுக்குத்தான் அண்ணன் பழைய கதை சொல்வார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களைப் பூர்வீகச் சொத்திலிருந்து ஒதுக்கியது உண்மை. ஆனால் அதே சட்டத்துக்கு வந்த 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு கிடையாது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அண்ணனுக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கிளற முடியாது, அதனால் முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அப்புறம், அந்த 30 பவுன்: சீர் வேறு, பங்கு வேறு. அண்ணன் கல்யாணச் செலவை யாராவது அவர் பங்கில் கழித்தார்களா?

கேள்வி: பிரிந்து வாழும் கணவர், ஜீவனாம்சம் கேட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்கிறார்.
- வாசகி, சேலம்

பதில்: விடட்டும். உடல் தெம்பும் படிப்பும் உள்ளவர் வேலை இல்லை என்று கைவிரித்தால் குடும்பநல நீதிமன்றம் அப்படியே நம்பிவிடாது. நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுதான் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-வது பிரிவு. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய சம்பள ரசீது ஏதாவது பழைய வாட்ஸ்அப்பில் கிடக்கிறதா, தேடுங்கள்.