மேடைக்குப் பின்னால்: வாசகர் கேள்வி – பதில்

மைக் செட், பந்தல், லைட், ஜெனரேட்டர், எல்.இ.டி. திரை என்று நிகழ்ச்சித் தொழிலில் இருக்கும் சேலம் மாவட்ட வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: சவுண்ட், லைட், பந்தல் வேலை செய்பவர்கள் சேர்ந்து சேலத்தில் அரை நாள் கூட்டம் போடுகிறோம். நடத்திய நிகழ்ச்சிகளைப் பற்றி ஆளுக்கு இருபது நிமிடம் பேசுவதாகத் திட்டம். போன முறை எல்லோரும் போட்டோ காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேட்பவருக்கு உபயோகப்படும்படி எப்படிப் பேசுவது?
– சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், அம்மாபேட்டை

பதில்: மேடை எப்படி ஜொலித்தது என்பதுதான் போட்டோவில் தெரியும். கேட்பவர் அடுத்த வேலையில் எதை மாற்ற வேண்டும் என்பது அதில் தெரியாது. பேசுபவர் ஒவ்வொருவரும் அளவு குறித்த தரைப்படம், லோடு இறக்கியதிலிருந்து கழற்றி ஏற்றியது வரை நேரக் குறிப்பு, கருவிகளின் கணக்கு, சிக்கல் வந்தபோது முடிவெடுத்தவர் யார் என்ற விவரம் ஆகியவற்றோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது அதில்தான்.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில் தற்காலிக மேடைக்கூரை கூட்டத்தின் மேல் சரிந்து 7 பேர் இறந்தார்கள். இடி மழைக்கு முன்னால் வரும் புயல்காற்றுதான் கூரையைத் தள்ளியது. கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகளைத் தரையில் சும்மா வைத்த கான்கிரீட் தடுப்புகளில் கட்டியிருந்தார்கள். காற்று இழுத்ததும் தடுப்புகள் நகர்ந்துவிட்டன. வானிலை எச்சரிக்கை கையில் இருந்தும், நிகழ்ச்சியை நிறுத்துவது யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. "காற்று வந்தது, மேடை விழுந்தது" என்று முடித்துவிட்டால் இந்தச் சம்பவத்தால் யாருக்கும் பயனில்லை. பாரம் எவ்வளவு, எதில் கட்டினார்கள், யாருக்கு எப்போது தெரியும், யார் சொல்லியிருக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னால் நம்மூர்ப் பந்தல்காரரும் தன் வேலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அதே கணக்கை நம்மூருக்குப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் சேலத்தில் கோடை மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். மழைக்குச் சில நிமிடம் முன்னால் குளிர்ந்த காற்று ஒரு தள்ளு தள்ளும். மேடைக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தால் பரப்பு சுமார் 22 சதுர மீட்டர். காற்றின் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் அது நொடிக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 14 கிலோ தள்ளும். மொத்தம் 300 கிலோவுக்கு மேல். அதுவே 72 கிலோமீட்டர் ஆனால் 550 கிலோவைத் தொடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தள்ளுவிசை கூடுவதால், "கொஞ்சம் காற்று கூடியது" என்று நினைக்கும்போதே சுமை ஒன்றே முக்கால் மடங்கு ஆகியிருக்கும்.

ஃப்ளெக்ஸின் நடு உயரம் தரையிலிருந்து 5 மீட்டர், பாரம் இருப்பது சாயும் விளிம்பிலிருந்து 2 மீட்டர் என்று வையுங்கள். 300 கிலோவை 5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 750 கிலோ. அது சாயாமல் நிற்பதற்கு மட்டுமான எடை. ஒன்றரை மடங்கு வைத்தால் 1,100 கிலோவுக்கு மேல் வேண்டும். 25 கிலோ மணல் மூட்டை நான்கைக் காலடியில் போடுவது எந்த மூலைக்கும் காணாது. 1,000 லிட்டர் தண்ணீர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைக்கூட சறுக்காதபடி அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், ஏனென்றால் மண் தரையில் எடையில் பாதி அளவுகூடப் பிடிப்பு இருக்காது. ஃப்ளெக்ஸில் அரைவட்ட ஓட்டைகள் வெட்டிவிடும் பழக்கத்தால் சுமை பெரிதாகக் குறைவதில்லை. வலைத்துணியில் அச்சடிப்பது நல்லது. இல்லையென்றால் இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் அவிழ்த்து இறக்கும்படி கட்டுங்கள்.

கையடக்கக் காற்றுமானி ஒன்றைக் கூரை உயரத்தில் வைத்து, எந்த வேகத்தில் ஃப்ளெக்ஸை இறக்குவது, எந்த வேகத்தில் மேடையைக் காலி செய்வது என்று முன்னாலேயே எழுதி வையுங்கள். அந்த எண்களைக் கட்டுமானத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளர்தான் தர வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அவர் பெயரும் போன் எண்ணும் மிக்ஸர் மேசையில் ஒட்டியிருக்கட்டும். விழாக்குழுத் தலைவரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்கும் நேரத்துக்குள் காற்று வேலையை முடித்துவிடும்.

உங்கள் கூட்டத்தில் 12 நிமிடம் பேச்சு, 8 நிமிடம் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயர், மண்டபத்தின் பெயர் வேண்டாம். பெயர் வெளியே வராது என்றால்தான் தவறாய்ப் போனதை ஆட்கள் மனம் திறந்து சொல்வார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதியில் கல்யாண வரவேற்பு. சேலத்திலிருந்து 62.5 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் மின் திறன் அளவு) ஜெனரேட்டர் கொண்டுபோனோம். கீழே சேலத்தில் இதே சவுண்ட், லைட் செட்டை இழுத்த ஜெனரேட்டர்தான். மேலே பேஸ் (பாட்டின் தாழ்ந்த அதிரும் ஒலி) அடிக்கும்போதெல்லாம் லைட் மங்கியது, கரும்புகை வந்தது. டீசலில் கோளாறா?
– ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர், அஸ்தம்பட்டி

பதில்: டீசலைச் சந்தேகிக்கும் முன் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3 முதல் 4 சதவீதம் சக்தி போகும். காற்று குறைந்து டீசல் அதேயளவு போனால் முழுதாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். பேஸ் அடிக்கும் நொடியில் எஞ்சின் வேகம் இறங்கி, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ஏ.வி.ஆர். (ஜெனரேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி) தானாகவே வோல்டேஜைக் குறைத்துவிடும். நீங்கள் பார்த்த மங்கல் அதுதான்.

62.5 கே.வி.ஏ. என்பது 0.8 பவர் ஃபேக்டரில் 50 கிலோவாட். ஏற்காட்டில் 15 சதவீதம் கழித்தால் 42. அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்றால் கையில் இருப்பது 34 கிலோவாட் சொச்சம். மேடை மட்டும் அதற்குள் அடங்கும்: 12 அடிக்கு 8 அடி எல்.இ.டி. திரை முழு வெள்ளையில் 6, எல்.இ.டி. பார் (மேடை வண்ண லைட்) 24-க்கு 4, ஷார்ப்பி (கூர்மையான ஒளிக்கற்றை லைட்) எட்டுக்கு 3, ஆம்ப்ளிஃபையர்களுக்கு 8 என்று 21 கிலோவாட் வரும். வம்பு வருவது மற்ற இடத்திலிருந்து. மலைக் குளிருக்கு அறைகளில் ஆறு கெய்சர் ஓடினால் 12 கிலோவாட். சமையல் பக்கம் கிரைண்டரும் ஆயிரம் வாட் ஹாலஜன் நான்கைந்தும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். கெய்சர், சமையல் இரண்டையும் விடுதி லைனில் விட்டுவிட்டு, ஜெனரேட்டரை மேடைக்கு மட்டும் வையுங்கள். முடியாதென்றால் 82.5 அல்லது 100 கே.வி.ஏ. கொண்டுபோங்கள். டர்போ எஞ்சினுக்கு இழப்பு குறைவு. எவ்வளவு என்பது தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இருக்கும். ஏர் ஃபில்டரை அடிவாரத்திலேயே சுத்தம் செய்துவிடுங்கள், அடைத்த ஃபில்டர் இருக்கிற காற்றையும் விடாது.

வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நீள வண்டி பல இடத்தில் ஒரே திருப்பலில் திரும்பாது. அதனால் ட்ரஸ் (மேடைக்கான உலோகச் சட்டம்) துண்டுகளைச் சிறிய வண்டிகளில் பிரித்து அனுப்புவதே நல்லது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகப் போக வேண்டியிருக்கும், நேரத்தில் அதற்கும் இடம் விடுங்கள்.

பனிமூட்டம் பற்றி ஒரு வார்த்தை. இரவு முழுக்க அணைந்து குளிர்ந்த எல்.இ.டி. கேபினெட்டில் காலையில் ஈரம் படிந்திருக்கும். அப்படியே முழு வெளிச்சம் கொடுத்தால் மாடியூல் எரியும். முதல் அரைமணி நேரம் 10, 15 சதவீத வெளிச்சத்தில் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் திரையின் பவர் சப்ளைகள் நான்கைந்து ஒரே நேரத்தில் வெடித்தன. அதே நேரம் மேடையின் மறுபக்க லைட்கள் மங்கின. ஏன்?
– எல்.இ.டி. திரை ஆபரேட்டர், சீலநாயக்கன்பட்டி

பதில்: நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் பொது வயர்) கழன்றிருக்கிறது. ஒரு பக்கம் வெடித்து மறுபக்கம் மங்கினால் வேறு காரணம் தேட வேண்டாம். மூன்று பேஸ் (phase, மின்சாரம் வரும் வயர்) லைனில் நியூட்ரல் பிடிப்பு போனால் இரண்டு பேஸ்களுக்கு இடையிலான 415 வோல்ட் லோடுகளுக்குள் பங்கு போகும். லோடு குறைவான பேஸில் 300-ஐத் தாண்டலாம், அதிகமான பேஸில் 230 வராது. பெரும்பாலும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சில் (லைனையும் ஜெனரேட்டரையும் மாற்றும் ஸ்விட்ச்) நியூட்ரல் லக் (வயரின் முனையில் மாட்டும் உலோகக் காது) தளர்ந்து கருகியிருக்கும்.

நியூட்ரல் வயர் பேஸ் வயரின் தடிமனுக்குக் குறையக்கூடாது. எல்.இ.டி. பவர் சப்ளைகள் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுப்பதால், மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கணிசமான ஆம்பியர் ஓடும். டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கும் கருவி) நியூட்ரலிலும் மாட்டிப் பாருங்கள். இணைக்கும்போது நியூட்ரல் முதலில், கழற்றும்போது கடைசியில். நியூட்ரலில் தனி ஃப்யூஸ் போடவே கூடாது. திரையை மாட்டும் முன் மூன்று பேஸையும் நியூட்ரலோடு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாதி லோடு ஏற்றியபின் மறுபடி அளக்கும்போது ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் உடனே மெயினை அணையுங்கள். ஓவர் வோல்டேஜில் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பெட்டியில் வைத்தால் இந்த நஷ்டம் வராது.

கேள்வி: கார்ட்லெஸ் மைக் நான்கு. ஒன்று ஒன்றாகப் போட்டால் சரி, நான்கும் போட்டால் இரைச்சல்.
– மைக் செட் வைத்திருப்பவர், வாழப்பாடி

பதில்: அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைத்திருப்பீர்கள். 520.0, 520.5, 521.0 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், 520.5-ஐ இரட்டித்து 521.0-ஐக் கழித்தாலே 520.0 வரும். அதாவது இரண்டு மைக் சேர்ந்து மூன்றாவதின் மேல் ஏறி உட்காரும். இடைவெளியை ஒழுங்கற்றதாக்குங்கள், அல்லது ரிசீவரில் தயாரிப்பாளர் தந்திருக்கும் குரூப்பிலிருந்தே எல்லா சேனலையும் எடுங்கள். ரிசீவரின் பின்பக்கம் எழுதியிருக்கும் அலைவரிசை எல்லையையும் பாருங்கள். 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரை, '700 மெகாஹெர்ட்ஸ்' எனப்படும் அலைக்கற்றையில் செல்போன் கோபுரங்கள் அனுப்பும் பகுதி. 2022 ஏலத்தில் அந்த அலைக்கற்றையை ஜியோ எடுத்தது. பழைய மைக் அந்த எல்லைக்குள் இருந்தால் மாற்றுவதே வழி.

கேள்வி: திறந்தவெளி மைதானத்தில் பின்னால் டிலே பாக்ஸ் (பின்வரிசைக்காக, ஒலியைத் தாமதித்துத் தரும் ஸ்பீக்கர்) வைத்தால் பேச்சு இரண்டு முறை கேட்கிறது.
– சவுண்ட் ஆபரேட்டர், ஆத்தூர்

பதில்: மெயின் பாக்ஸுக்கும் டிலே பாக்ஸுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளங்கள். 32 டிகிரி சாயங்காலத்தில் ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். 45 மீட்டர் என்றால் 45-ஐ 350-ஆல் வகுத்து சுமார் 129 மில்லிசெகண்ட். அதோடு 10 முதல் 15 கூட்டி 140 போடுங்கள். மெயினின் ஒலி முதலில் காதில் விழுந்தால் சத்தம் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். பிறகு மெட்ரோனோம் டிக் ஒலியை ஓடவிட்டு டிலே பாக்ஸுக்கு முன்னால் நில்லுங்கள். இரண்டு டிக்காகக் கேட்டால் கணக்கில் பிழை. டிலே பாக்ஸுக்கு ப்ளூடூத் வழியாக ஒலி அனுப்ப வேண்டாம். அதன் தாமதம் நிலையாக இருக்காது.

கேள்வி: ஆடித் திருவிழாவில் இரவு எத்தனை மணி வரை பாட்டு போடலாம்?
– விழாக்குழு உறுப்பினர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மாநில அரசு திருவிழாக்களுக்கென ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம். உங்கள் நாள் அதில் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

கேள்வி: கல்லூரிக் கலைவிழா. சுற்றுச்சுவர் உள்ள திறந்தவெளி அரங்கம், 2,000 பேர், 4 அடி அகலத்தில் இரண்டு கேட். போதுமா?
– நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், ஓமலூர்

பதில்: போதாது. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு. 4 அடி என்பது 1.2 மீட்டர். இரண்டு கேட்டும் முழுதாகத் திறந்திருந்தால் 2,000 பேர் வெளியேற பத்து நிமிடம். ஒன்று அடைபட்டால் இருபது. இன்னும் இரண்டு கேட் தேவை, அவை எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும்.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சிக்கு முன் மழை தூறியதும் வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடினார்கள். கேட்டைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிகள். முன்னே போனவர்கள் விழ, மேலே மேலே விழுந்து 4 பேர் இறந்தார்கள். உங்கள் கேட்டுக்கு உள்ளே படி இருந்தால் அந்தக் கேட் வழியாகக் கூட்டத்தை விடாதீர்கள். வெளியே காத்திருப்பவர்களுக்கும் மழைக்கு ஒதுங்க ஒரு பந்தல் போடுங்கள். கேட்டைச் சீக்கிரம் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். ஒவ்வொரு கேட்டிலும் வாக்கி டாக்கியோடு ஒருவர் நிற்கட்டும். ஒரு சதுர மீட்டருக்குள் நான்கு பேருக்கு மேல் நெருங்குவதைப் பார்த்தால் அவர் சொன்னதும் பாட்டு நிற்க வேண்டும், வெள்ளை லைட் எல்லாம் எரிய வேண்டும், மேடையிலிருந்து நிதானமான குரலில் அறிவிப்பு வர வேண்டும்.