அரம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருக்கிறேன். வகுப்பில் 20 பேர். முதல் சில மாதம் ஃபைலிங், அதாவது அரத்தால் இரும்பை ராவும் வேலை செய்யும்போதே பாதிப் பேருக்கு விட்டுப்போகிறது. "எல்லாத்துக்கும் மெஷின் இருக்கே மிஸ், இதை எதுக்குக் கையால ராவணும்?" என்று கேட்கிறார்கள். ஆர்வம் வரட்டும் என்று போன வருடம் சென்னைப் பக்கம் ஒரு பெரிய கார் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் ஆடினார்கள், வாசலில் போட்டோ எடுத்தார்கள், மறுநாள் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. ஒரு கம்பெனியின் மனிதவள அதிகாரியை அழைத்துப் பேசவைத்தேன். பின்வரிசை தூங்கியது. இதெல்லாம் வீண் செலவு என்கிறார் எங்கள் முதல்வர். அவர் சொல்வதுதான் சரியா?
– பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் முதல்வர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் போன மாதிரி போனால் செலவு வீண்தான். ஆனால் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதே வீண் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் பல வருடம் ஃபிட்டர் பிரிவில் நின்றவள். நீங்கள் செய்த அதே தவறை, அதைவிட மோசமாகவே செய்திருக்கிறேன்.

ஒரு பெரிய வாகனத் தொழிற்சாலைக்குத்தான் நானும் போனேன். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடக்கவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோபோக்கள் வரிசையாக வெல்டிங் செய்துகொண்டிருந்தன. எனக்கே பிரமிப்பாக இருந்தது. திரும்பி வரும்போது, வகுப்பிலேயே நன்றாக வேலை செய்கிற ஒரு பையன் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், அங்க மனுஷங்களையே காணோமே. நாம படிச்சு என்ன பண்ணப்போறோம்?" என்றான். ஆர்வம் மூட்டப் போய், இருந்ததையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ரோபோ நின்றால் ஓடி வருகிற மெயின்டனன்ஸ் ஆட்களில் ஃபிட்டர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார். டூல் ரூமில் டை, அதாவது உலோகத்தை வடிவமாக்கும் அச்சு, பொருத்துகிறவர் கையில் இன்றைக்கும் அரம் இருக்கிறது. ஆனால் பார்வையாளர்கள் நடக்கும் வழியில் இவர்கள் யாரும் வருவதில்லை. நாமும் கேட்பதில்லை. பெரிய ஆலைக்குத்தான் போயாக வேண்டும் என்றால், அனுமதிக் கடிதத்திலேயே "மெயின்டனன்ஸ் பிரிவையும் டூல் ரூமையும் காட்ட வேண்டும்" என்று எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. கிணத்துக்கடவு தாண்டினால் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை. கோவைக்குள் கொஞ்சம் உள்ளே போனால் கணபதி, பீளமேடு. நாட்டுக்கே பம்ப்செட் செய்து அனுப்புகிற ஊர் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் பலர் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் வீட்டில் என்ன பாடு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னால், பழைய இரும்புக் கடையில், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு மோனோபிளாக் பம்ப் வாங்கி, பட்டறையில் கழற்றச் சொல்லுங்கள். அவர்களே கழற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லர் வரும், சீல் வரும், புல்லர் போட்டு இழுத்தால் பேரிங் வரும். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் மேலே ஒரு எண் பொறித்திருக்கும். 6205 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கச் சொல்லுங்கள். 25 வரும். உள்விட்டம் 25 மி.மீ. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்து, அது சரியாக வரும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். யாரோ அவர்களிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் கேளுங்கள்: இந்தப் பேரிங் உட்காருகிற இடத்தில் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, என்ன அளவு இருக்க வேண்டும்? எல்லோரும் 25 என்பார்கள். டிராயிங்கில் அந்த இடத்துக்குக் கே6 (k6) என்ற அளவுக் குறியீடு போட்டிருந்தால், 25.002-லிருந்து 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதாவது 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை கூடுதல் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஷாஃப்ட் இதற்குக் கீழே போய் லூசாக இருந்தால், ஓடும்போது பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றி ஷாஃப்டையே தின்றுவிடும். மேலே போய் டைட்டாக இருந்தால் உள்ளே குண்டுகள் சுழல இடமில்லாமல் சூடேறி இரைச்சல் போடும். வீட்டில் மோட்டார் கத்துகிற சத்தத்துக்கு இது ஒரு காரணம் என்று சொல்லுங்கள்.

இப்போது கடைசிக் கேள்வி. நம் பட்டறை வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும். அது 20 மைக்ரான். நாம் பேசுகிற 13 மைக்ரான் இடைவெளி முழுவதும் அதன் ஒரு கோட்டுக்குள் மறைந்துவிடும். அப்படியென்றால் கம்பெனியில் இதை எப்படி அளக்கிறார்கள்? பதில் சொல்லாதீர்கள். "அதைப் பார்க்கத்தான் போகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சகோதரி, உங்கள் கடிதத்துக்கு என் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத கண்ணுக்குத் தொழிற்சாலை வெறும் சத்தமும் வெளிச்சமும். கையில் ஒரு கேள்வியோடு போகிற பிள்ளை, கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் மைக்ரோமீட்டரை எடுக்கும்போது தானாகக் கழுத்தை நீட்டும்.

போகிற இடம் 15, 20 பேர் வேலை செய்கிற சின்ன யூனிட்டாக இருக்கட்டும். முதலாளி பெரும்பாலும் அங்கேயே நிற்பார், அவரே பேசுவார். ஷாஃப்ட் கடைவது, கிரைண்டிங், பெண்கள் உட்கார்ந்து காயில் கட்டுவது, கடைசியில் தொட்டியில் தண்ணீரை இறைத்துப் பார்க்கும் டெஸ்டிங் எல்லாமே ஒரே கூரைக்குள் பார்க்கக் கிடைக்கலாம். 20 பேரையும் ஒன்றாக உள்ளே விடாதீர்கள். மெஷின் சத்தத்தில், பேசுகிறவரைச் சுற்றி நிற்கும் ஐந்து பேருக்குத்தான் காது கேட்கும். மற்றவர்கள் போனை எடுத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவர்களைப் பக்கத்தில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்கோ, வார்ப்புக்கு மாதிரி செய்கிற பேட்டர்ன் கடைக்கோ அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். செருப்போடு யாரும் வரக்கூடாது, ஷூ வேண்டும். துப்பட்டாவும் முடியும் கட்டியிருக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து, முதல்வர் அனுமதி எல்லாம் நீங்கள் அறிந்ததுதான்.

முன்கூட்டியே ஒருமுறை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அங்கே அசெம்பிளியில் இருக்கிறவரிடம் கீ பொருத்துவதைக் காட்டச் சொல்லி வையுங்கள். ஷாஃப்டும் அதில் மாட்டிய சக்கரமும் வழுக்காமல் சேர்ந்து சுழலப் பிடித்துக்கொள்கிற சின்ன உலோகத் துண்டுதான் கீ. கீவே என்கிற பள்ளத்தில் கீ சரியாக உட்காராதபோது அவர் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வைத்துப் பார்ப்பார். மறுபடி ஒரு இழுப்பு. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். "கையால எதுக்கு ராவணும்" என்று கேட்ட பிள்ளை அந்த இடத்தில் முன்வரிசையில் நிற்கட்டும்.

நாள் மிச்சம் இருந்தால் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கும் போகலாம். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கியவர் அவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். பழைய பம்பைக் கழற்றிய கையோடு போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். ஆனால் ஓடாத பொருள்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது. யூனிட்டுக்குப் போவது முதலில், இது அப்புறம்.

விருந்தினர் விஷயத்துக்கு வருகிறேன். மனிதவள அதிகாரிமேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவரால் தர முடிந்ததை அவர் தந்திருப்பார். ஆனால் 17 வயதுப் பையனுக்கு, கோட் போட்ட 45 வயதுக்காரரிடம் தன்னைப் பார்க்க முடியாது. உங்களிடம் மூன்று வருடம் முன்னால் படித்துவிட்டுப் போனவன் ஒருவன் இருப்பான் இல்லையா? இரும்பை இறுக்கிப் பிடிக்கிற இதே வைஸில் இதே சதுரத்தை ராவி, நான்கு தடவை ரிஜெக்ட் ஆனவன். அவனைக் கூப்பிடுங்கள். முதல் ரேங்க் வாங்கியவனாக இருக்க வேண்டாம். ஒரு பேப்பரில் தவறி, திரும்ப எழுதி, இப்போது வேலையில் நிற்கிறவன் என்றால் இன்னும் நல்லது. வகுப்பில் பெண் பிள்ளைகள் இருந்தால் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணையும் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள். இதற்கு அலைச்சல் ஆகும், ஆனால் அலைய வேண்டும். அலுவலக வேலைக்குப் போன பெண்ணைக் கூப்பிட்டுச் சமாளித்துவிடாதீர்கள்.

கூட்டம் ஹாலில் வேண்டாம். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை என்று போட்டால் ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி அதற்கே போய்விடும். வந்தவருக்கும் வாய் கட்டிவிடும், "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டறையில் பெஞ்சைச் சுற்றி நிற்கவையுங்கள். ஒரே ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: அவர் கையில் ரிஜெக்ட் ஆன ஒரு பீஸ். அது ஏன் ரிஜெக்ட் ஆனது, யார் திட்டினார்கள், எவ்வளவு பணம் போனது, அப்புறம் எப்படிச் சரிசெய்தார் என்று பேசினாலே அரை மணி போய்விடும். பீஸ் கைமாறிக் கைமாறிச் சுற்றட்டும்.

பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். தடுக்காதீர்கள். 1961-ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் சேர்ந்தபோது கையில் எவ்வளவு வந்தது, தங்கின அறைக்கு எவ்வளவு போனது, நைட் ஷிஃப்ட் எப்படி இருந்தது, எதற்காக ஒரு வேலையை விட்டார் என்று எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லட்டும். இனிப்பாக மட்டும் பேசச் சொல்லி அனுப்பினால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்பதை நாம் நூறு தடவை சொன்னாலும் காதில் ஏறாது. அப்படிச் சேர்ந்து படிக்கிற ஒருத்தி வந்து நின்று சொன்னால் ஏறும்.

திரும்பி வந்த மறுநாள் காலை முதல் மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். நாம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "பார்வையிட்ட அறிக்கை இரண்டு பக்கம் எழுதி வா" என்போம். ஒருவன் எழுதுவான், 19 பேர் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பதில், அங்கே பார்த்த ஒரு பாகத்தை ஆளுக்கொன்றாகக் கையால் வரைந்து, ஓர் அளவையாவது குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நேரே வைஸுக்கு அனுப்புங்கள். அன்றைய ஜாப், அந்த ஷாஃப்டின் கீவேக்கு ஒரு கீ ராவுவதாக இருக்கட்டும். எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் ஐந்தாறு பேர் நிமிர்வார்கள். அந்த ஐந்தாறு பேரைப் பார்த்து இன்னும் சிலர் வருவார்கள். இரண்டு பேருக்கு இந்தத் தொழிலே பிடிக்காது என்பதும் அப்போது தெரியவரும். அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதல் வருடத்திலேயே அது தெரிந்தால் அவர்களுக்கும் நல்லதுதான்.

ஆயுத பூஜை வருகிறது. அன்றைக்கு யூனிட்டுகளில் மெஷினெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். ஓட்டமாட்டார்கள், அதனால் உங்கள் பயணத்தை அதற்கு இரண்டு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பூஜை அன்று இரண்டு மூன்று பிள்ளைகளை அந்த முதலாளியிடம் அனுப்பி, வரைந்த படங்களைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பொரி, சுண்டல் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார். அடுத்த வருடம் நீங்கள் அனுமதி கேட்டுப் போகும்போது இதை நினைவு வைத்திருப்பார்.

உங்கள் பட்டறையிலும் பூஜை உண்டு இல்லையா? அதற்குள் அந்தப் பழைய பம்பைத் திரும்பப் பூட்டி முடிக்கச் சொல்லுங்கள். புதுப் பேரிங், அவர்கள் ராவிய கீ. எலக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இணைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்து, உங்கள் முதல்வரை அழைத்து வாருங்கள். சுவிட்சை அவரே போடட்டும்.